துண்டுக்குள் ஆடிய விரல்கள்

கிடாருக்குச் சொந்தக்காரன் பெங்களூரில் ரயில்வேயில் இருந்த என் நண்பன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அவனிடம் கற்றுக்கொண்டேன். வாத்தியத்தை வீட்டை விட்டு வெளியே விடமாட்டான். அதற்குப் பதிலாக ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தான். நான்கு விரல்களையும் மேசைமேல் ஊன்றி ஒன்றை மட்டும் தூக்க வேண்டும். மற்றவை அசையக் கூடாது. என் மோதிர விரல் தனியாக எழாது. சுண்டு விரலையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

ஆபீஸ் மேசை, பஸ் ஜன்னல், சாப்பாட்டு இலையின் ஓரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பழகினேன். போகப்போக நான் நினைக்காமலே விரல்கள் ஆடத் தொடங்கின. நாகரசம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா அதை நரம்புக் கோளாறு என்று முடிவுகட்டி, மந்திரித்த கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் கட்டினாள். விரல்கள் கயிற்றோடு சேர்ந்து ஆடின.

அந்தச் சமயம் அக்காவின் கணவரான மாமா தன் செவலை எருதை விற்கக் கிளம்பினார். ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் எருது. கன்றிலிருந்து வளர்த்த அக்கா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மாமாவின் வலது கை நுகத்தடியில் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தது. சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள்; துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள்; எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதுதான் விலை. அதற்கு என் கை தேவைப்பட்டது.

“நீ வாயே தொறக்க வேணாம் மாப்ள. மூணு விரலப் புடிச்சிக்கிட்டு கம்முனு நில்லு” என்றார்.

மாடு வாங்க வந்த தரகர் எல்லைக்கு அந்தப்புறம், பெங்களூர்ப் பக்கத்துக்காரர். துண்டைப் போட்டதும் அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தேன். சற்று நேரத்தில் என் மோதிர விரல் எழுந்தது, சுண்டு விரல் பின்னாலேயே போனது. விலை இறங்கிவிட்டதென்று தரகர் முகம் மலர்ந்தது. விரல்கள் திரும்பி வந்தன, முகம் சுருங்கியது. பிறகு ஆள்காட்டி விரல் கிளம்பியது. அவரும் விடாமல் ஈடுகொடுத்துப் பார்த்தார். கடைசியில் கையை உருவிக்கொண்டார்.

“ஏனப்பா, மாடு விக்க வந்தியா, என் கைல பிடில் வாசிக்க வந்தியா?”

“பிடில் இல்லீங்க, கிடார்” என்றேன்.

அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கவலையோடு மாமா பக்கம் திரும்பினார்.

“அது மாட்டுக்கும் ஒட்டிக்குமா?”

அதன்பின் எருதின் பக்கம் ஒருவரும் வரவில்லை. பொழுது சாய நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். வழிநெடுக மாமா எருதோடு மட்டும் பேசினார். அக்கா ஓடிவந்து அதற்குக் கழுநீர் வைத்தாள். அப்புறம் எனக்கு இலை போட்டு, கேட்காமலே இரண்டாவது கரண்டி நெய் ஊற்றினாள்.

“அடுத்த சந்தைக்கும் நீயே கூடப் போடா” என்றாள்.

மாமா காதில் விழாததுபோல் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.