கேசட்டில் இல்லாத இரண்டு நிமிடம்

ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆசைப்படும் ராக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் முதல் வெளியூர்ப் பயணம் நெடுந்தூரம் ஒன்றும் இல்லை. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து துறைமுக ஊரான போர்ட் கிள்ளான், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வருடம் 1984. வெள்ளைக்கார மாலுமிகள் வந்து போகும் ஒரு கிளப்பில் நான்கு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிடித்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி கல்யாண விருந்தில் சினிமாப் பாட்டு. அதற்குத் திரும்பிப் போவதாக நான் இல்லை.

நாங்கள் மூன்று பேர். பாட்டும் பேஸ் கிட்டாரும் நான். தம்பி சேகர் டிரம்ஸ். பக்கத்து வீட்டுக் குணா கிட்டார். ராக் பிறந்த நாட்டை மூவருமே படத்தில்தான் பார்த்திருக்கிறோம். பாசாரில் வாங்கிய திருட்டு கேசட்தான் எங்கள் வாத்தியார். அதில் கடைசிப் பாட்டு எங்கள் பெருமை. உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே வெட்டினாற்போல் நிற்கும். மூவரும் ஒரே அடியில் நிற்க இரண்டு மாதம் பழகினோம்.

பஸ்ஸில் டிரம்ஸை ஏற்ற விடமாட்டார்கள். பண்டமாரானுக்குத் திரும்பும் காய்கறி லோரி ஒன்றை முப்பது வெள்ளிக்குப் பேசி, மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். லோரிக்காரர் மாரி அண்ணன் பங்சார், பெட்டாலிங் ஜெயா, சுபாங், பத்து தீகா, ஷா ஆலாம், கிள்ளான், பண்டமாரான் என்று ஒவ்வோர் ஊரையும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார், ஏதோ நாங்கள்தான் சீமையிலிருந்து வந்தவர்கள் மாதிரி.

"வெள்ளக்காரன் பாட்ட வெள்ளக்காரன்கிட்டயே பாடப் போறியா, தங்கச்சி? தைரியம்தான் லா," என்றார்.

"அவங்க மட்டும்தான் பாடணும்னு யாரும் எழுதி வெக்கல, அண்ணே," என்றேன்.

கிளப்பில் முதல் மூன்று பாட்டுக்கும் நல்ல கைதட்டல். நான்காவதும் பிரமாதமாகப் போனது. வெட்டினாற்போல் நிறுத்தினோம். ஒருவரும் கைதட்டவில்லை. எதற்கோ காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு மாலுமி எழுந்து, மீதிப் பாட்டு எங்கே, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. அது பாட்டின் முடிவே இல்லை. கேசட்டில் நாடா தீர்ந்துபோன இடம்! அதற்குத்தான் இரண்டு மாதம் பழகியிருக்கிறோம்.

அவமானத்தில் முகம் எரிந்தது. கிளப் மேனேஜர் மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். இறங்கினால் அவ்வளவுதான்.

"மறுபடி எடுடா," என்றேன் சேகரிடம்.

"மீதி தெரியாதே, அக்கா!"

"எனக்கும்தான் தெரியாது. நீ அடி. நான் கையத் தூக்கினா நிறுத்து."

குணா அதே மெட்டை இன்னும் வேகமாக எடுத்தான். வார்த்தைக்கு எங்கே போவது? வாயில் வந்தது மாரி அண்ணன் சொன்ன ஊர்கள்தான். பங்சார்! பெட்டாலிங் ஜெயா! சுபாங்! பத்து தீகா! தொண்டை கிழியப் பாடினேன். சிரித்தவர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் சுற்றில் நான் பண்டமாரானைத் தாண்டியதும், தங்களுக்குத் தெரிந்த ஒரே ஊரை அவர்களே கத்தினார்கள்: "போர்ட் கிள்ளான்!" கையைத் தூக்கினேன். மூவரும் ஒரே அடியில் நின்றோம். கைதட்டல் அடங்கும்வரை மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "அடுத்த சனிக்கிழமை, ஏழு மணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகிறவர்கள் கவனிக்க: சனிக்கிழமை மாலை கிள்ளான் பாலத்தில் நெரிசல், கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லோரி என்றால் தார்ப்பாய் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான வயர் கையோடு இருக்கட்டும், பிளக் எப்போதும் மேடைக்கு எட்டாத சுவரில்தான் இருக்கும். கேசட்டை மட்டும் நம்பாதீர்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பாட்டின் இசைத்தட்டே கிடைத்தது. விட்டுப்போன இரண்டு நிமிடத்தையும் மூவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து காணாமல் போகிறது. முடிவே கிடையாது.

"அவங்களுக்கே முடிக்கத் தெரியல, அக்கா," என்றான் சேகர்.

நாங்கள் இன்றும் போர்ட் கிள்ளானில்தான் முடிக்கிறோம்.