எங்க பாடு நிக்குது, சார்

1. மேசை

கூடைப்பந்து ஆட்டத்தில் பத்துப் பேர் ஓடுவார்கள். இரண்டு பேர் விசில் ஊதுவார்கள். மற்றவர்கள் கத்துவார்கள். இவர்கள் யாருடைய கண்ணிலும் படாமல் கோர்ட்டுக்கு வெளியே ஒருவன் மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான். அவன்தான் ஸ்கோரர். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன். ஆட ஆசைப்பட்டுத்தான் வந்தேன். உயரம் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டால் உயரம் தெரியாது என்பதால் மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

சோற்றுக்குப் பழவேற்காட்டில் பி.டி. வாத்தியார் வேலை. எங்கள் நைனா ஏரியில் வலை போட்டவர். நான் விசிலைப் பிடித்தேன். வீட்டில் மீன் குறைந்தது, மரியாதை கூடியது.

புதிதாக டேபிள் அஃபிஷியல் பரீட்சை எழுதி வரும் பிள்ளைகள் ஸ்கோர் ஷீட் எப்படி நிரப்புவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தை நன்றாகப் படித்தவன் என்று பெயரெடுத்த நான், அதில் ஒரு பத்தியை மறந்த கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் நேரமின்மை இல்லை.

அந்த சீசனில் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய நாக் அவுட் போட்டி எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு வந்தது. பொன்னேரி சாலையில், ஒருபக்கம் உப்புக்காற்று, ஒருபக்கம் நெல்வயல் என்று இருக்கும் கல்லூரி. தூரத்து மாநிலங்களிலிருந்து உயர உயரமான பெண்கள் வந்து இறங்கினார்கள். காலையில் அவர்களை வேன் வைத்து டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போய், வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். மாலையில் ஆட்டம். லீக் ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு மறுநாள் ஒன்று உண்டு. நாக் அவுட்டில் தோற்றவர்களுக்கு ரயில் டிக்கெட்தான் உண்டு.

உள்ளூர்க் கல்லூரி முதல் சுற்றிலேயே பெட்டி கட்டிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது அரையிறுதி வரை வந்துவிட்டது. காரணம் ஏழாம் நம்பர், கேப்டன் தனலட்சுமி. எங்களுக்குத் தனம். ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துப் பெண். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கோப்பை விஷயம் மட்டும் இல்லை. ஃபைனல் ஆடியவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதியான சான்றிதழ் கிடைக்கும். அரையிறுதியோடு நின்றவர்களுக்குக் கிடைக்கும் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம்.

இது எனக்குத் தெரியும். அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனாலேயே அன்றைக்கு நான் கொஞ்சம் கூடுதலாக விறைப்பாக இருந்தேன். உள்ளூர்க்காரன் உள்ளூர் டீமுக்குச் சாய்ந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

2. அம்பும் பாடும்

விஷயம் புரிய இரண்டு சங்கதிகள் தெரிய வேண்டும்.

முதலாவது, அம்பு. இரண்டு பேர் பந்தை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றால் ரெஃப்ரி விசில் ஊதுவார். பந்து யாருக்கு என்பதை மேசை மேலிருக்கும் அம்பு சொல்லும். இந்தத் தடவை உங்களுக்கு, அடுத்த தடவை அவர்களுக்கு. முறை முடிந்ததும் அம்பைத் திருப்பி வைப்பது ஸ்கோரரின் வேலை. எங்கள் அம்பு படகு கட்டும் ஆசாரி ஒருவர் மிச்சப் பலகையில் செய்து சிவப்பு அடித்துக் கொடுத்தது. படகுக்கு அடிக்கும் ஆணியைப் போட்டிருந்ததால் திருப்பும்போது கிரீச் என்று முனகும்.

இரண்டாவது, பாடு. மற்ற ஊர்த் தமிழில் பாடு என்றால் துன்பம். எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. இறால் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார் பாடு, நாளைக்கு இன்னார் பாடு என்று முறை வைத்துப் போவார்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஒருவன் பாடு நடக்கும்போது அவன் வலை இறங்குவதற்குள் வேறொருவன் குறுக்கே வந்து கெடுத்துவிட்டால், அந்தப் பாடு போகாது, நிற்கும். கெடுத்தவனுடைய அடுத்த பாடு போய்விடும்.

ஏரிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மேசையில் உட்காரும்போது ஏரியை வீட்டில் விட்டுவிட்டு வருவதுதான் கௌரவம் என்று நினைத்திருந்தேன்.

3. நத்திங் சார்

அரையிறுதியில் எதிரணி கேரளத்துக் கல்லூரி. பசியாவரத்திலிருந்து படகு படகாக ஆட்கள் வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள். தனத்தின் அப்பா முன்வரிசையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு. எனக்குப் பக்கத்தில் டைமராக எபனேசர். காட்டூர்க்காரன், தபால் ஆபீசில் வேலை. விரல் ஸ்டாப் கிளாக்கில் இருந்தாலும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசி குவார்ட்டரில் நான்கு நிமிஷம் பாக்கி. இரண்டு பேர் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். விசில். அம்பு தனத்தின் டீமைக் காட்டியது. கோட்டுக்கு வெளியே நின்று ஒரு பெண் பந்தை உள்ளே எறிய ஓங்கினாள். அவள் கையை விட்டுப் பந்து போவதற்குள் கேரளத்துப் பெண் ஒருத்தி தனத்தின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டாள். மறுபடி விசில். ஃபவுல். பந்து மறுபடியும் தனத்தின் டீமுக்கே, இந்தத் தடவை ஃபவுலுக்காக. எறிந்தார்கள். பந்து உள்ளே போனது. நான் ஃபவுலை எழுதிவிட்டு, கை பழகிய பழக்கத்தில் அம்பைத் திருப்பினேன். கிரீச்.

அடுத்த முறை பந்து வெளியே போய் ஆட்டம் நின்றபோது தனம் மேசைக்கு வந்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கிளாசில் நிற்பது போல நின்றாள்.

"சார், அம்பத் திருப்பிட்டீங்க."

"பந்து உள்ள போயிடுச்சும்மா. திருப்பித்தான் ஆகணும்."

"அது ஃபவுலுக்குப் போட்ட பந்து சார். எங்க பாட்டுல அவங்க குறுக்க வந்து கெடுத்தாங்க. எங்க பாடு நிக்குது, சார்."

எபனேசர் என்னைப் பார்த்தான். அதற்குள் ரெஃப்ரி மேசைக்கு வந்துவிட்டார். புனேக்காரர், ஆறடிக்கு மேல், சர்வதேச பேட்ஜ் குத்தியவர். "ப்ராப்ளம்?" என்றார்.

அந்தப் பேட்ஜுக்கு முன்னால் ஏரி, வலை, பாடு என்று விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பசியாவரத்துப் பெண் இறால் பிடிக்கும் நியாயத்தைக் கூடைப்பந்தில் கொண்டுவந்து வைக்கிறாள், அதை நான் மொழிபெயர்த்தால் நானும் அந்தப் படகில்தான் இருக்கிறேன் என்று ஆகிவிடும். "நத்திங் சார்," என்றேன். போதாதென்று, "லோக்கல் கேர்ள்," என்று சிரித்தேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தனத்துக்குப் புரிந்தது. கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போனாள்.

பதினொரு வினாடி பாக்கி. ஸ்கோர் ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தேழு, தனத்தின் டீம் ஒரு பாயிண்ட் பின்னால். ரிங்குக்கு அடியில் தனமும் கேரளத்து சென்டரும் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இவளைவிட ஒரு முழம் உயரம். தனம் விடவில்லை. தரையில் இழுபட்டுக்கொண்டே பிடித்திருந்தாள். விசில். கேலரி முழுக்க மேசையைப் பார்த்தது.

அம்பு கேரளத்தைக் காட்டியது.

அவர்கள் பந்தை வாங்கி, தங்களுக்குள் நாலு தடவை மாற்றிக்கொண்டார்கள். நேரம் முடிந்தது.

4. பேனா

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரருக்குக் கொஞ்ச நேரம் வேலை இருக்கும். கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும், அடியில் இரண்டு கோடு இழுக்க வேண்டும், காலிக் கட்டங்களை அடிக்க வேண்டும். பிறகு ரெஃப்ரி கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் அந்த ஆட்டத்துக்கும் அவருக்கும் உறவு முடிந்தது. அதற்கு முன்னால் ஷீட்டின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்திடும் இடம்.

எபனேசர் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அந்தப் பொண்ணு இன்னாவோ பாடுன்னு சொல்லிச்சே. புக்ல கூட அப்படி ஒண்ணு படிச்ச மாதிரி இருக்கு."

"நீ கிளாக்கப் பாரு."

"கிளாக் நின்னுபோச்சுண்ணே."

பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துப் புரட்டினேன். நானே அடிக்கோடு போட்டு வைத்திருந்த பத்தி. முறைப் பந்து உள்ளே சேர்வதற்குள் எந்த அணி ஃபவுல் செய்தாலும், பந்துக்கு உரிய அணியின் முறை போகாது. அம்பு அப்படியே இருக்க வேண்டும். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தார் சுவிட்சர்லாந்தில் கூடிப் பேசி எழுதியதும், எங்கள் ஏரியில் சேற்றில் நின்று பேசி முடிவுசெய்ததும் ஒரே விஷயம்தான்.

தலையைத் தூக்கினேன். எதிரே பெஞ்சில் தனம் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கட்டம் காலியாக இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் கமிட்டி என்ன முடிவு செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை தள்ளுபடி செய்திருக்கும். ஒருவேளை திரும்ப ஆடச் சொல்லியிருக்கும். அப்படி ஒரு கட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான்.

ரெஃப்ரி வந்தார். வியர்வையைத் துடைத்தார். சட்டைப் பையைத் தடவிப் பேனா இல்லை என்று கையை நீட்டினார்.

பேனாவை நான்தான் கொடுத்தேன்.

5. பசியாவரம்

மறுநாள் மாலை ஃபைனல். நான்தான் ஸ்கோரர். அதற்கென்று புது வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். காலையில் படகேறிப் பசியாவரம் போனேன்.

தனமும் அவள் அப்பாவும் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வாத்தியார்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை.

"நேத்து நீ சொன்னதுதாம்மா சரி. புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு. நான்தான் தப்பாத் திருப்பிட்டேன்."

"தெரியும் சார்."

"ஆட்டம் முடிஞ்சதும் எனக்கும் தெரிஞ்சுபோச்சு. உன்னக் கூப்பிட்டு ஆட்சேபம் எழுதச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

இது அவளுக்குத் தெரியாது. "அது இன்னாத்துக்கு சார் இப்ப சொல்றீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

அவள் அப்பா ஒரு நண்டின் காலை வலைக்கண்ணிலிருந்து பக்குவமாக விடுவித்துவிட்டு நிமிர்ந்தார். "வாத்தியாரே, உங்க நைனாவும் நானும் ஒரே கரைல வல போட்டவங்க. அவுரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

"உன் அடுத்த பாட்ட விடுன்னு சொல்லியிருப்பாரு."

"நீங்களே சொல்லிட்டீங்க," என்று அடுத்த நண்டுக்குப் போனார்.

திரும்பி வந்து போட்டிச் செயலாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "சார், கையெழுத்து ஆயிடுச்சு. கேரளா டீம் வார்ம் அப் பண்ணிட்டிருக்கு. இப்ப இத வெச்சு நான் இன்னா பண்றது?"

"ஃபைல்ல வையுங்க. ஃபைனலுக்கு நான் உட்காரல."

"தேவையில்லாத வேலை சார் இது. யாராச்சும் கேட்டாங்களா உங்கள?"

"கேட்டாங்க."

அன்றைக்கு எபனேசர் ஸ்கோரர் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் புதுச் சட்டையோடு கேலரியில். நான் இல்லாமல் ஃபைனல் தடுமாறும் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஒரு பிழைகூட இல்லாமல் நடந்தது. முடிவு மாறவில்லை. தனத்துக்குச் சுவரில் மாட்டும் சான்றிதழ்தான் கிடைத்தது.

6. ரயில்

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேப்டன் மேசைக்கு வந்து எது சொன்னாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். எந்த மொழியில், எந்தச் சொல்லில் சொன்னாலும் அதை அப்படியே ரெஃப்ரிக்குச் சொல்வேன். புரியாவிட்டால் அது அவர் பாடு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இது ஒன்றுதான். விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரே நிற்பவருக்கும் அது தெரிந்திருக்கலாம், வேறு பெயரில். "நத்திங் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பள்ளி விளையாட்டு விழா டியூட்டிக்கு ஆரம்பாக்கம் போக வேண்டியிருந்தது. பொன்னேரியில் ரயிலேறினேன். கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி நின்றவர்களில் தனமும் இருந்தாள், சாப்பாட்டுப் பையோடு. ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பதாகச் சொன்னாள். ஆடுகிறாயா என்று கேட்டேன். டைம் இல்லை சார் என்றாள். இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் முன்னால் ஒரு இடம் காலியானது. நீ உட்காரும்மா என்றேன். அவள் அசையவில்லை.

"கெடுத்தவனுக்கு ஒரு பாடுதான் சார் போவும். அது ஃபைனல்லயே போயிடுச்சு. இது அடுத்தது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆரம்பாக்கம் வரைக்கும் அவள் பையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.