மாமியின் நெஞ்சில் படுத்த மாடு

என் மாமி மூக்காயிக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தபடியே ஊரைக் கேலி பேசிப் பழகிய வாய். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "நனைஞ்ச கோழிக்குக் கோட்டு மாட்டிவுட்ட மாதிரி இருக்கான்" என்று பந்தியிலேயே சொன்னார். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "பொடவ அலசுன தண்ணிக்குக் கடுகு தாளிச்சிருக்க புள்ள" என்றார். அவர் மகன், என் வீட்டுக்காரர் ரமேஸ், விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஒரு காலையில் மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் டவுனில் துணிக்கடையில் நிற்பவள். என் சிங்களம் சாரி விற்கிற சிங்களம்.

"என்ன செய்யுதுன்னு சொல்லுங்க மாமி."

"நெஞ்சுல ஒரு மாடு படுத்துக் கெடக்கு. சும்மாவா கெடக்கு? அசை போடுது. அது வால ஆட்டுறப்ப எடது கை செத்துப்போவுது."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். 'மாதிரி' என்பதற்கு அந்தப் பாஷையில் 'வகே' என்று ஒரு சொல் இருக்கிறது. மாமியும் 'மாதிரி' போடவில்லை, நானும் 'வகே' போடவில்லை.

டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தோட்டத்து ஆட்கள்தானே, மாடு மிதித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். கொம்பு குத்தியதா என்று கேட்டார்.

"மாமி, மாட்டுக்குக் கொம்பு இருக்கான்னு கேக்குறாரு."

மாமி கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி இல்ல. இப்பதான் மொளைக்குது."

அதையும் சொன்னேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது! டாக்டர் விலாவை அமுக்கிப் பார்த்து, எலும்பை எக்ஸ்ரே எடுக்கத் துண்டு எழுதினார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எல்லாம் ஒங்க வாயால வந்த வென! ஒரு தடவையாவது நேரா சொல்லித் தொலைங்களேன்!"

மாமி என் கையைப் பிடித்தார். பிடித்த கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"வலிக்குது புள்ள" என்றார்.

அவ்வளவுதான். துண்டை மேசையில் போட்டு, மாடே இல்லை, ஹார்ட், ஹார்ட் என்று சிங்களத்தில் கத்தினேன். டாக்டர் மாமியின் முகத்தைப் பார்த்தார், கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். வயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள். மாமி கண்ணை மூடியபடி கிடந்தார்.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். "மாமி, என்னைய ஏதாவது சொல்லுங்க. மோசமாவே சொல்லுங்க."

ரொம்ப நேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"அழுவாத புள்ள. அழுதா ஒன் மூஞ்சி அவிச்ச பலாக்கொட்ட."

அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.