இல்லாத படத்தின் பாட்டு

செஞ்சி வட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கள் மெல்லிசைக் குழு ஏறாத மேடை இல்லை. நான் பூபதி, ரிதம் பேட் வாசிக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், இருக்கட்டும். எங்கள் பாடகி இளவேனிலைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப்போகிறான்?

குழு அவள் அப்பா சிங்காரவேலுவுடையது. பகலில் கடைவீதியில் மிக்சி ரிப்பேர், மாலையில் கீபோர்டு. பாட்டுக்கு முன்னால் மைக்கில் அறிவிப்பதும் அவர்தான். படத்தின் பெயரைச் சொல்லாமல் எந்தப் பாட்டையும் தொடங்கக் கூடாது. ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டைத்தான் பாட வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதுதான் அவர் சட்டம். மேடைப் பழக்கமும் சுருதியும் இளவேனிலுக்கு அவரிடமிருந்து வந்தவை. சொல் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா சாந்தி அக்கா மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பறிக்கப் போனால், கூட வேலை செய்யும் பெண்களைக் கிண்டல் செய்து அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுவார். ஒருமுறை பாடியதை மறுமுறை பாடமாட்டார். மகள் செடியை உதறிக்கொண்டே அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்.

இருபத்தாறு வயதில், நிகழ்ச்சிக்குப் போகும் வேனில் உட்கார்ந்து, போனில் தட்டித் தட்டி அவளே ஒரு பாட்டு எழுதி, மெட்டும் போட்டாள்.

"மண்ணுக்குள்ள முத்து வச்சேன், மழைய நம்பிக் காத்திருந்தேன்
வந்த மழை எட்டிப் பாத்து, மலையத் தாண்டிப் போச்சுதடி"

கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "தேறும்" என்றேன். சிங்காரவேலு தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்குதும்மா. இன்னா படம்னு சொல்றது?"

"படம் இல்ல நைனா. என் பாட்டுன்னு சொல்லு."

"சொன்னா எவனும் கேக்கமாட்டான்மா."

அவலூர்பேட்டைத் திருவிழாவில் ஒருவழியாக மனம் இரங்கினார். எப்படி? "அடுத்து, 'மல்லாட்டைக் காடு' படத்திலிருந்து!" என்றார் கூசாமல். அப்படி ஒரு படம் இந்தப் பூமியிலேயே கிடையாது. பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அதன்பிறகு இரண்டு வருஷம், போன இடமெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டு மேடைக்குத் துண்டுச் சீட்டு வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் அந்தப் பாழாய்ப்போன படத்தின் பெயர். இளவேனில் பாடிவிட்டு இறங்கி, வேனில் கடைசி சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வாள். பெற்ற பிள்ளைக்கு வேறொருத்தியை அம்மா என்று சொல்லிவிட்டு வருவது மாதிரி இருந்திருக்கும். எனக்கு சிங்காரவேலு மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன ஆவணியில் செஞ்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. வழக்கம்போல் சீட்டு வந்தது, அறிவிப்பும் ஆனது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் நண்பன் அருண்பிரசாத் போனைத் தூக்கிக் காட்டினான்.

"நெட்ல அப்டி ஒரு படமே இல்ல! இன்னா, காதுல பூ சுத்துறீங்களா?"

மண்டபமே சிரித்தது. சிங்காரவேலுவின் விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டன. இளவேனில் மைக்கை இறுகப் பிடித்தாள்.

"படம் இல்லிங்க. பாட்டு என்னுது. நான்தான் எழுதுனேன்."

"அப்ப வேணாம். தெரிஞ்ச பாட்டா பாடு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிங்காரவேலு இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். இளவேனிலின் முகம் செத்துப்போனது.

பந்தியிலிருந்து கையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றிருந்தார் மீனம்பாள் என்கிற அம்மா, பெண் வீட்டு உறவு. குரல் வந்த பக்கம் திரும்பி ஒரு போடு போட்டார்.

"யாருக்குத் தெரியாது? எங்க காட்டுல தெனம் இதான்யா பாடுறோம். நீ பாடும்மா!"

சொன்னதோடு விடவில்லை. முதல் அடியை அவரே எடுத்தார். சுருதி எங்கேயோ போனது. பக்கத்திலிருந்த பெண்கள் இரண்டாவது அடியைப் பிடித்துக்கொண்டார்கள். இளவேனில் மூன்றாவது அடியில்தான் உள்ளே வந்தாள். அன்றைக்கு நான் தாளம் தப்பினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

பாட்டு முடிந்தபின் அறிவிப்பு செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. சிங்காரவேலு எழுந்து வந்து மகள் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"பாட்டு, மெட்டு, குரல் மூணும் எம்பொண்ணு இளவேனில். ரெண்டு வருசமா படம்னு பொய் சொன்னவன் நான்."