வித்வானின் மகளோடு கேட்ட கரகரப்ரியா

பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை ரயிலிலிருந்து திருச்சியில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டுவந்த நாகஸ்வர வித்வானை அன்று மாலை நேரில் கேட்கப் போகிறேன். பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ். ஆறு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை. பக்கத்து இருக்கையில் காட்டூரில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி. காவிரிப் பாலம் ஏறுவதற்குள் வந்த காரணத்தை அவரிடம் கொட்டிவிட்டேன்.

"நானும் அங்கதாங்க போறேன். அவர் எங்கப்பா."

"ஐயோ, குடுத்து வச்சவங்க நீங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்: "கச்சேரி முடிஞ்சு மாலையோட வருவாருங்க. அதைக் கழட்டி வச்சிட்டு எங்கம்மாவை அடிப்பாரு. அம்மா செத்ததுக்குக்கூட வரல."

மாம்பழச்சாலையில் பஸ் நின்றபோது கேட்டேன்: "அப்புறம் எப்படிங்க கேக்கப் போறீங்க?"

"அடி வாங்கின மறுநாளும் ரேடியோவுல அவர் வாசிச்சா, 'சத்தமா வைடி'ன்னு சொல்லும் அம்மா. எனக்குக் கோவம் கோவமா வரும். இப்ப நானே போயி உக்காந்துக்கறேன். அவர்கிட்ட மட்டும் பேசறதில்ல."

ஐந்து மணிக்குச் சித்திரை வீதி மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ரசிக்கவே கூடாது என்று வீம்பாக இருந்தேன். கரகரப்ரியா ராகத்தை மெல்ல எடுத்தார். படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரே ஸ்வரத்தில் நின்றார். வீம்பு போன இடம் தெரியவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பினால், செல்வி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அமைப்பாளர் மைக்கைப் பிடித்தார். "வித்வான் அவர்கள் ஒரு முன்மாதிரிக் குடும்பத் தலைவரும்கூட..."

செல்வி எழுந்துவிட்டார். "வாசிப்பு முடிஞ்சிடுச்சுங்க. நான் கிளம்பறேன்."

மேடையில் வித்வானோடு படமெடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. ஒரு கணம் அங்கே பார்த்தேன். பிறகு, "இருங்க, நானும் வரேன்" என்று செல்வியோடு வெளியே வந்தேன்.

தெருமுனையில் காபி வாங்கினோம். "மேல போயி நின்னாரே, அந்த இடம்!" என்று முதலில் பேச்செடுத்தவர் செல்விதான். அவர் பாடிக் காட்ட, நான் மறுபடி பாட, காபி ஆறிப்போனது.

திரும்பும் ரயிலில் கணவர் போனில் அழைத்தார். "எப்படி வாசிச்சார்?"

"அபாரம்! நீங்க வந்திருக்கணும்."

"ஆள் எப்படி?"

இதுவரை எந்தக் கலைஞரைப் பற்றி யார் குறை சொன்னாலும், 'அதெல்லாம் நமக்கெதுக்கு' என்று பேச்சை மாற்றியே எங்கள் வீட்டில் பழக்கம். செல்வியின் அம்மாவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.