விருந்தாளித் தண்ணீர்

போன கிழமை கல்முனை பஸ் நிலையத்தில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கினேன். மூடியைத் திருகியதும் புதுப் பிளாஸ்டிக் வாசம் மூக்கில் அடித்தது. அவ்வளவுதான். எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரி, அதில் அடுக்கிய வெள்ளைப் போத்தல்கள், ரசீக் மச்சானின் வீங்கிய கால்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பஸ்ஸையும் விட்டுவிட்டேன். எனக்கு இது வழக்கம்தான்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளன். பெயர்தான் பெரிது, வேலை போத்தல் கழுவுவது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் நாங்களும் சேர்ந்து எங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க ஒப்பந்தம் போட்டிருந்தோம். எந்தத் தெருத் தண்ணீர் ஆக மோசமோ அங்கே சுத்திகரிக்கும் இயந்திரம் பூட்டித் தருவார்கள். அது என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் தெருவுக்குத்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மஞ்சள் நிறத் தண்ணீர்; குடித்தால் உப்பு நாக்கை விட்டுப் போகாது.

ராத்தாவின் கணவர் ரசீக் மச்சான் மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர். சிறுநீரகம் பழுதாகி வீட்டோடு கிடந்தார். நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கிழமைக்கு ஒரு கேன் சொறிக்கல்முனையிலிருந்து ஆட்டோவில் வரும். அது முடிந்தால் பிறகு கிணறுதான்.

"மெசின் எப்ப வரும் மச்சான்?" என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார்.

"வரும் மச்சான்."

"நான் உசிரோட இரிக்கக்குள்ள வருமா?"

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் முத்துலட்சுமி மிஸ். விடியற்காலை இறைக்கும் முதல் வாளித் தண்ணீர்தான் வேண்டும் என்றார். மிஸ் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது; சுபஹ் தொழுகை நேரத்தில் ஆண் மாணவர்கள் பெண்கள் புழங்கும் வளவுக்குள் நுழைவதாவது! ஆகவே முதல் நாளே வீடுவீடாகப் போத்தல் கொடுத்தோம். "இறைச்ச உடனே புடிச்சு வைங்கக்கா" என்றார் மிஸ். "ஓம் மகள், அதுக்கென்ன" என்ற ராத்தா, வட்டிலாப்பம் தின்னாமல் அவரைப் படலை தாண்ட விடவில்லை.

சில மாதங்களில் முடிவு வந்தது. ராத்தாவின் தெருத் தண்ணீர் முதல் தரமாம்! இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு மிஸ் தொலைபேசியில் கேட்டார்: "எல்லா வீட்டுத் தண்ணியும் ஒரே கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கே, எப்படி?"

ராத்தாவிடம் ஓடினேன்.

"கடல் தாண்டி வந்த புள்ளைக்கு அந்த மஞ்சத் தண்ணியையா குடுக்கிற? மச்சான்ட கேன்ல இருந்து ஊத்தினன். பக்கத்து ஊட்டாக்களும் கேட்டாங்க, குடுத்தன்."

"யா அல்லாஹ்! அது குடிக்கிறத்துக்கில்ல ராத்தா, சோதிக்கிறத்துக்கு!"

"அப்ப நம்மட கிணத்தப் பத்தி அங்க என்ன கதைப்பாங்க?"

எனக்கு வந்த கோபத்தில் வாளியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் போலிருந்தது. ஆனால் யாரைக் குற்றம் சொல்ல? எங்கள் வீடுகளில் எப்போதும் அப்படித்தான். விருந்தாளியின் தேத்தண்ணீருக்குக் கேன் தண்ணீர், வீட்டாருக்குக் கிணறு. என்றாலும் நோயாளியின் கேனையே எடுத்துக் கொடுத்திருக்கிறாரே! கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் மச்சான். "நல்லதத்தானே குடுத்திரிக்கா. ஏசாத" என்றார்.

மாரி மழை முடிந்ததும் மறுபடி வந்து தானே இறைப்பதாக மிஸ் சொன்னார். அந்த மாரிக்குள் மச்சான் மௌத்தானார்; அடக்கம் செய்தோம். அடுத்து நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எவரும் இல்லை. தண்ணீர்தான் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்தப் போத்தல்கள்!

இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் உடைந்த கதிரைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மிஸ்ஸின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் வேறு யாரோ பேசுகிறார்கள். ராத்தா வீட்டுக்குக் கேன் வருவதில்லை. வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார்.

போன பெருநாளுக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து மச்சானின் சிநேகிதர் குடும்பத்தோடு வந்திருந்தார். ராத்தா கிணற்றில் இறைத்ததை அப்படியே கிளாசுகளில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். மஞ்சளாக இருந்தது. சிநேகிதர் ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"குடிங்க" என்றார் ராத்தா. "அவர் குடிச்ச தண்ணிதான்."