மூன்றாவது முறை எழுதியது

அவரை எல்லோரும் மேப்புக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வைத்த காரில், அந்த என்ஜினை ஆட்டிவைக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று அதற்குள் கட்டம் கட்டமாக எண்கள். அந்த எண்களுக்குத்தான் மேப் என்று பெயர். மேப்புக்காரர் லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகுவார். நடுவில் கரண்ட் குறைந்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்பதால் பேட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டுவார். பிறகு பழைய எண்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுப் புது எண்களை எழுதுவார். நூறு குதிரைச் சக்தியோடு ஷெட்டுக்குள் வந்த கார் நூற்று முப்பதோடு வெளியே போகும்.

"கையில கிரீஸ் படாத மெக்கானிக்கை இங்கதான் பாக்கறேன்," என்பார் பக்கத்து டயர் கடைக்காரர். "உனக்கெல்லாம் சோப்பு எதுக்குய்யா?"

மேப்புக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மூலையில் ஓர் எண் இருக்கும். இதுவரை எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்பதை அது சொல்லும். கார் கம்பெனிக்காரன் கண்டுபிடித்து வாரண்டியை மறுக்காமல் இருக்க அதை அழித்துக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் நிறைய. முடியாது என்றுவிடுவார். "செஞ்சதைச் செஞ்சோம்னு சொல்லிட்டுப் போகட்டும். அதுல மட்டும் கை வைக்க மாட்டேன்." இந்தப் பேச்சை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுத் திரிந்தவர் அவருடைய அண்ணன்தான்.

அண்ணன் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். அப்பா இல்லாத வீட்டில், தம்பியைக் கல்லூரிவரை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த லாரி. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரியின் படம் அதன் கண்ணாடிக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் எறும்பாக ஊரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பார்கள். எதிரே வண்டி இல்லையென்றால் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ என்று காட்டுவார். நூற்றில் ஒருத்தர் தாண்டியபின் சின்னதாக ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

"அந்த ஒரு சத்தம் கேட்ட அன்னிக்குச் சோறு நல்லா இறங்கும்டா," என்பார் அண்ணன்.

லாரியை விட்டு இறங்கியதும் அவர் ஒரு பழைய டர்போ காரை வாங்கித் தம்பியின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சாகறதுக்குள்ள மேட்டுல நான் ஒருத்தனையாவது முந்தணும். என்ன செய்வியோ, செய்."

மேப்புக்காரர் மூன்று நாள் அந்தக் காரோடு கிடந்தார். ஓர் அளவை எழுதுவார், பாலத்தைத் தாண்டியிருக்கும் மேட்டில் ஏற்றிப் பார்ப்பார், புகை தள்ளினால் டீசலைக் கொஞ்சம் குறைத்து மறுபடி எழுதிப் பார்ப்பார். இந்தச் சோதனையெல்லாம் பெஞ்சில் வைத்திருந்த வேறொரு கம்ப்யூட்டரை மாட்டித்தான். கடைசி மேப்பை மட்டும் அண்ணன் காரின் சொந்தக் கம்ப்யூட்டரில் எழுதினார். மூலையில் ஒன்று என்று காட்டியது. அண்ணன் அன்றைக்கு மேட்டில் இரண்டு லாரிகளை முந்திவிட்டு, திரும்பி வந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பேப்பர் வாங்கக்கூட அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு கண்.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும், போனது போனதுதான், வண்டியைத் தொடக்கூடாது என்றார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக இருப்பது அவருக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை என்பதுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணி ஷெட்டுக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை.

"நேத்து ஒரு சைக்கிளை இடிச்சிட்டாரு தம்பி. நல்லவேளை, சும்மா நிறுத்தி வச்சிருந்தது. இது எங்கிருந்து வந்துச்சுன்னு என்னையே கேக்கறாரு. நாளைக்கு அதுமேல ஒரு ஆள் இருந்தா?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணி. ஊசியில நூலைக் கோத்துக் காட்டி, எனக்கா கண்ணு தெரியலங்கறாரு."

"அப்ப ஒண்ணு செய்ங்க. ஏத்தத் தெரிஞ்ச உங்களுக்கு இறக்கத் தெரியாதா?"

ஆயில் மாற்றுகிறேன் என்று சொல்லிக் காரை வாங்கிவந்தார். சக்தியைப் பாதியாகக் குறைத்து, நாற்பதுக்கு மேல் போகாதபடி எழுதினார். அண்ணன் முகத்துக்கு நேரே உறுதியாகச் சொல்ல வாய் வராததை வண்டியிடம் சொல்லிவிட்டார். மூலையில் இருந்த எண் இரண்டானது. அழிக்க ஒரு நிமிடம் போதும். விரல் அதன்மேல் போய் நின்று, திரும்பி வந்துவிட்டது.

நாலாம் நாள் அண்ணன் வந்தார். "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா."

"டர்போ பழசாயிடுச்சுண்ணே. இனி அவ்வளவுதான்."

"அப்படியா," என்றார் அண்ணன். தம்பி சொன்னால் மறுபேச்சு ஏது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். கையில் கம்பெனி சர்வீஸில் கொடுத்த தாள். பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு டர்போவை மாத்த அங்க போனேன். டர்போ புதுசாட்டம் இருக்குங்கறான். இங்க பாரு, ரெண்டு தடவை எழுதியிருக்காம். எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். இன்னொண்ணு யாருடா எழுதினது?"

மேப்புக்காரர் லேப்டாப்பை மூடினார்.

"நான்தாண்ணே."

அண்ணன் தாளை மடிக்கு இறக்கினார்.

"போன வாரம் மேட்டுல என் பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சான். இருபத்தாறு வருஷம் கேட்ட அதே ஹாரன். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? டர்போ மட்டுமில்ல, எனக்கும் மிதிக்கத் தெம்பில்லன்னு. அன்னிலேருந்து கால்ல தைலம் தேய்க்கறேன்டா."

"அண்ணே..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றார் அண்ணன். "ஆனாலும் சொல்லியிருக்கலாம்."

தாளை நாலாக மடித்தார். சாவியை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். வைத்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையபடியே எழுது. நீ ஓட்டு. ஒரு தடவை மேட்டுல ஏறிட்டு வந்துடலாம்."

சார்ஜரை மாட்டி, வயரைச் செருகி, பத்திரப்படுத்தி வைத்திருந்த அண்ணனின் மேப்பை எழுதினார். "மூணுன்னு காட்டுதா?" என்று கேட்டார் அண்ணன். "இருக்கட்டும். அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

பாலம் தாண்டியதும் மேடு தொடங்கியது. முன்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாரி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, போ என்று காட்டியது. மேப்புக்காரர் மிதித்தார். டர்போ மெல்ல விசிலடித்தது. முதுகு சீட்டோடு ஒட்டியது. அண்ணன் உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

லாரி இப்போது அண்ணனின் ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அண்ணன் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்திட்டமாடா?" என்று கேட்டார். "லாரி எங்க போச்சு?"

செங்கல் வரிசை அவர் தோளுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவுதான் பார்வை மிச்சம் என்பது மேப்புக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. லாரியின் முகப்பு பின்னால் போகிறவரை காத்திருந்து சொன்னார்.

"முந்தியாச்சுண்ணே."

"கை காட்டினானா?"

"காட்டினாரு."

"அப்ப ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போ," என்றார் அண்ணன். "சின்னதா."